பள்ளி அணியா, கிளப்பா, அகாடமியா: பிள்ளையின் விளையாட்டுக்கு எவ்வளவு செலவழிக்கலாம்?

அமெரிக்காவில் பிள்ளை வளர்க்கும் தமிழ்க் குடும்பங்களில், பிள்ளைக்குப் பதினொன்று பன்னிரண்டு வயதாகும்போது இந்தப் பேச்சு வந்துவிடும். "நல்ல திறமை இருக்கிறது, கிளப் டீமில் சேர்த்துவிடுங்கள்" என்று கோச் சொல்லியிருப்பார். கிளப் என்றால் பள்ளிக்கு வெளியே தனியார் நடத்தும் அணி: வருடக் கட்டணம், வெளியூர் டோர்னமெண்ட், ஹோட்டல் செலவு, சனி ஞாயிறு முழுக்கக் காரிலேயே வாழ்க்கை. பள்ளி அணிக்குச் செலவு குறைவு. ஆனால் "அங்கே ஆடினால் எந்த காலேஜ் கோச் வந்து பார்க்கப் போகிறார்?" என்று தெரிந்தவர்கள் பயமுறுத்துவார்கள். பணம் நிறைய இருக்கிறவர்கள் ஃப்ளோரிடாவின் பிராடென்டனில் இருக்கும் ஐஎம்ஜி மாதிரி உறைவிட அகாடமி வரைக்கும் யோசிப்பார்கள்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான நடுத்தரக் குடும்பங்களுக்குப் பள்ளி அணியும், விளையாட்டுக்குத் தக்க அளவான கிளப் செலவும் போதும். காலேஜ் கட்டணம் குறைய வேண்டுமென்றால், விளையாட்டு ஸ்காலர்ஷிப்பை நம்புவதைவிட, குடும்ப வருமானத்தைப் பார்த்துக் கல்லூரிகள் தரும் உதவியை நம்பலாம். விலக்குகள் உண்டு. விசாவில் இருக்கும் குடும்பங்களுக்குக் கணக்கே மாறிவிடும். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

"ஸ்காலர்ஷிப்பில் திரும்பி வந்துவிடும்"

கிளப்புக்கு ஆயிரக்கணக்கில் கட்டும்போது மனதைத் தேற்றிக்கொள்ள எல்லோரும் சொல்வது இதுதான். இங்கே உயர்நிலைப் பள்ளி அணிகளில் விளையாடும் பிள்ளைகள் 80 லட்சத்துக்கும் மேல். கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்சிஏஏ அமைப்பின் மூன்று டிவிஷன்களையும் (போட்டித் தரத்தில் டிவிஷன் 1 மேலே) சேர்த்தால் ஐந்து லட்சத்துச் சொச்சம் இடங்கள். பள்ளியில் விளையாடுகிறவர்களில் காலேஜ் விளையாட்டு ஸ்காலர்ஷிப் பெறுகிறவர்கள் சுமார் 2 சதவீதம் என்று என்சிஏஏவே சொல்கிறது. அந்த 2 சதவீதத்திலும் எல்லோருக்கும் முழுக் கட்டணம் கிடைப்பதில்லை.

2025 வரை டிவிஷன் 1 பேஸ்பால் அணி ஒன்றுக்கு 11.7 ஸ்காலர்ஷிப்தான். அதை அணியில் பலர் பங்கு போட்டுக்கொள்ளலாம். ஆண்கள் டென்னிஸுக்கு 4.5, ஆண்கள் நீச்சலுக்கு 9.9. கொடுத்தால் முழுசாகத்தான் கொடுக்க வேண்டும் என்ற விதி இருந்தது பெரிய (அமெரிக்க) ஃபுட்பால் அணிகள், பாஸ்கெட்பால், பெண்கள் வாலிபால், பெண்கள் டென்னிஸ், பெண்கள் ஜிம்னாஸ்டிக்ஸ் போன்ற சிலவற்றில் மட்டும். மற்றவர்களுக்குக் கால் பங்கு, அரைப் பங்கு. "ஸ்காலர்ஷிப் கிடைத்துவிட்டது" என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் செய்தி வரும். எத்தனை சதவீதம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

2025 ஜூனில் நிலைமை இன்னொரு முறை மாறியது. கல்லூரி வீரர்களுக்குப் பணம் தருவது பற்றிய ஹவுஸ் வழக்கின் சமரசத்துக்கு நீதிபதி கிளாடியா வில்கன் ஒப்புதல் கொடுத்தார். அதற்கு உடன்பட்ட கல்லூரிகளில் பழைய ஸ்காலர்ஷிப் உச்சவரம்பு போய், அணியில் இத்தனை பேர்தான் இருக்கலாம் என்ற ரோஸ்டர் வரம்பு வந்தது. கல்லூரியே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம். முதல் வருடத்துக்கு ஒரு கல்லூரிக்கு உச்சவரம்பு சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பெரிய கல்லூரிகளில் அதில் பெரும்பகுதி ஃபுட்பாலுக்கும் ஆண்கள் பாஸ்கெட்பாலுக்கும் போகிறது. ரோஸ்டர் சுருங்கியதால் அடிபட்டவர்கள் ‘வாக்-ஆன்’ எனப்படும், ஸ்காலர்ஷிப் இல்லாமல் அணியில் ஒட்டிக்கொண்டு மெதுவாக மேலே வருகிறவர்கள். சிறுவயதில் பெரிய கிளப்புக்குப் போக வசதியில்லாமல் தாமதமாக மலர்கிற பிள்ளைக்கு இருந்த பின்வாசல் அது. இதோடு, வீரர்கள் கல்லூரி மாறப் பதிந்துகொள்ளும் ட்ரான்ஸ்ஃபர் போர்ட்டலும் சேர்ந்துகொண்டது. ஏற்கெனவே காலேஜில் ஆடிப் பழகிய இருபத்தொரு வயது வீரர் கிடைக்கும்போது, பதினேழு வயதுப் பிள்ளையை எடுத்துத் தேற்ற எத்தனை கோச்சுகளுக்குப் பொறுமை இருக்கும்?

செலவுப் பக்கத்தையும் பார்த்துவிடலாம். ஆஸ்பென் இன்ஸ்டிட்யூட் பெற்றோரிடம் நடத்திய கணக்கெடுப்பின்படி, பிள்ளையின் முக்கிய விளையாட்டு ஒன்றுக்கு மட்டும் ஒரு குடும்பம் 2024இல் செலவழித்தது சராசரியாக 1,016 டாலர். 2019ஐவிட 46 சதவீதம் அதிகம். ஊர் மைதானத்தில் ஆடும் குழந்தைகளும் சேர்ந்த சராசரி இது. தேசிய அளவு டோர்னமெண்டுகளுக்குப் போகும் கிளப்பில் இதைப்போலப் பல மடங்கு ஆகும். ஒரு பேச்சுக்கு வருடத்துக்கு 6,000 டாலர், எட்டு வருடம் என்று வைத்துக்கொண்டால் 48,000 டாலர். அதே பணத்தை 529 என்ற கல்லூரிச் சேமிப்புக் கணக்கில் போட்டு வந்தால் வட்டி, வளர்ச்சி எல்லாம் போக அசலே அவ்வளவு இருக்கும். கால் பங்கு ஸ்காலர்ஷிப்புக்காக அதை விடுகிறோமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். பிள்ளை அந்த விளையாட்டில் சந்தோஷமாக இருக்கிறது, அதற்காகச் செலவழிக்கிறோம் என்றால் அது நல்ல செலவுதான். முதலீடு என்று பெயர் வைத்துக்கொண்டால்தான் சிக்கல்.

பணம் எதை வாங்கித் தருகிறது?

வீனஸ், செரீனா வில்லியம்ஸ் கதையை எல்லோரும் சொல்வார்கள்: காம்ப்டனின் பொது மைதானங்கள், தானே படித்துப் பயிற்சி கொடுத்த அப்பா. கதையின் பின்பாதியைச் சொல்கிறவர்கள் குறைவு. 1991இல் குடும்பமே ஃப்ளோரிடாவுக்கு இடம் மாறி, ரிக் மேக்கியின் அகாடமியில் பிள்ளைகள் சேர்ந்தார்கள். அவ்வளவு பெரிய திறமைக்கும், யாரோ ஒருவர் வாசலைத் திறந்துவிட வேண்டியிருந்தது.

பணம் முக்கியமாக வாங்கித் தருவது இரண்டு. ஒன்று, தேர்ந்தெடுக்கிறவரின் கண்ணில் படுவது. இன்னொன்று, ஒரு வருடம் காயத்தாலோ ஃபார்ம் போனதாலோ வீணானாலும் மறுபடி முயல இன்னொரு சீசன். பிசியோதெரபி, தனிப் பயிற்சி, ஒரு வகுப்பைத் திரும்பப் படிக்கவைத்து உடம்பு வளர நேரம் கொடுப்பது எல்லாம் இரண்டாவதில் அடங்கும். அப்புறம், பணத்தோடு சேர்ந்தே வரும் நேரம். வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு வேலையை விட்டு வந்து நாலு மணி நேரம் கார் ஓட்ட முடிகிற பெற்றோர் இருப்பது பெரிய சொத்து. ஷிஃப்ட் வேலை பார்க்கும் அம்மா ஒருவரே வளர்க்கும் பிள்ளைக்குக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்தாலும், மைதானத்துக்குக் கொண்டுபோய்விட ஆள் வேண்டுமே.

இதனால்தான் எந்த விளையாட்டு என்பதைப் பொறுத்து முடிவு மாற வேண்டும் என்கிறேன். ஓட்டம், தாண்டுதல், எறிதல் இவற்றில் கடிகாரமும் அளவு நாடாவும் பேசிவிடும். எவ்வளவு நேரத்தில் 800 மீட்டர் ஓடினால் அணிக்கு எடுப்பதைப் பற்றிப் பேசுவோம் என்று பல கல்லூரிகள் வலைத்தளத்திலேயே போட்டிருக்கின்றன. பள்ளி மீட்டில் ஓடிய நேரமும் இணையத்தில் பதிவாகிவிடும். இங்கே கிளப்புக்கு நிறையச் செலவழிப்பதில் பெரிய அர்த்தமில்லை. பள்ளி கோச் நன்றாக இருந்தால் போதும்.

நீச்சலிலும் நேரம்தான் பேசும். ஆனால் அந்த நேரத்தை எட்ட வருடம் முழுக்கக் குளம் வேண்டும். பள்ளி சீசன் சில மாதங்களில் முடிந்துவிடும். எனவே கிளப் செலவு ஓரளவு தவிர்க்க முடியாதது.

கால்பந்தும் வாலிபாலும் வேறு ரகம். அங்கே கோச் நேரில் பார்க்க வேண்டும். ஒரே வளாகத்தில் நூறு அணிகள் ஆடும் கிளப் டோர்னமெண்டுக்கு வந்தால் இரண்டு நாளில் பல நூறு பிள்ளைகளைப் பார்த்துவிடலாம் என்பதால் அவர்கள் அங்கேதான் வருகிறார்கள். பெண்கள் கால்பந்தில் ஈசிஎன்எல், ஆண்களில் (எம்எல்எஸ் என்ற தொழில்முறைக் கால்பந்து லீக் நடத்தும்) எம்எல்எஸ் நெக்ஸ்ட் என்று உயர்மட்டக் கிளப் லீக்குகள் உண்டு. எம்எல்எஸ் நெக்ஸ்டின் மேல் அடுக்கில் சேர்ந்த பிள்ளை பொதுவாகப் பள்ளி அணிக்கு ஆட முடியாது. இதைச் சேர்க்கும் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். எம்எல்எஸ் தொழில்முறை அணிகள் நேரடியாக நடத்தும் அகாடமிகள் பெரும்பாலும் இலவசம். பாஸ்கெட்பாலிலும் ஷூ கம்பெனிகள் பணம் போடும் கோடைக்கால அணிகள் இருக்கின்றன. அதாவது மிக உச்சியில் இருக்கும் பிள்ளைக்குச் செலவு குறைகிறது. முழுக் கட்டணம் கட்டுகிறவர்கள் அதற்கு அடுத்த படியில் இருக்கிறவர்கள். கிளப் உங்களிடம் முழுக் கட்டணம் கேட்பதே ஒரு தகவல்தான்.

டென்னிஸ், நம்மவர்களுக்குப் பிடித்த விளையாட்டு. பள்ளி அணியின் வெற்றிகளைக் காலேஜ் கோச்சுகள் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. யுடிஆர் என்ற ஆட்டத்தர மதிப்பெண்ணையும் டோர்னமெண்ட் முடிவுகளையும்தான் பார்ப்பார்கள். தனிப் பயிற்சிக்கும் பயணத்துக்கும் செலவு அதிகம். இவ்வளவும் செய்து முடித்தால், டிவிஷன் 1 ஆண்கள் டென்னிஸில் ஆடுகிறவர்களில் பாதிக்கு மேல் வெளிநாட்டு மாணவர்கள். போட்டி உங்கள் கவுண்டியோடு முடியவில்லை, உலகத்தோடு நடக்கிறது. (கிரிக்கெட் பற்றிக் கேட்கிறவர்களுக்கு: அது என்சிஏஏ விளையாட்டே அல்ல.)

பெண் பிள்ளைகளுக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். 1972இன் டைட்டில் நைன் சட்டத்தால் கல்லூரிகள் ஆண்களுக்கும் பெண்களுக்கும் வாய்ப்பைச் சமமாகத் தர வேண்டும். ஃபுட்பாலின் பெரிய எண்ணிக்கையை ஈடுகட்ட, பல கல்லூரிகள் பெரிய பெண்கள் துடுப்புப் படகு அணி வைத்திருக்கின்றன. முன்பின் துடுப்பே பிடிக்காத, உயரமும் மூச்சுத் திறனும் உள்ள பெண்களைக் கல்லூரியில் சேர்ந்த பிறகு எடுத்துப் பழக்கும் வழக்கம் அங்கே உண்டு. ரோஸ்டர் வரம்பு இதையும் குறைக்கலாம்; ஆனாலும் பத்து வருடக் கிளப் செலவில்லாமல் நுழைய முடிகிற அபூர்வமான இடம்.

மூன்றையும் பக்கத்தில் வைத்தால்

பள்ளி அணியின் பலம் செலவு மட்டுமில்லை. பிள்ளை சீசனுக்கு ஒரு விளையாட்டு ஆடலாம். ஒரே விளையாட்டில் முழுநேரமாக இறங்குவதைப் பதினைந்து பதினாறு வயது வரை தள்ளிப்போடச் சொல்கிறது அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அகாடமி. அதிகப் பயன்பாட்டால் வரும் காயமும் சலிப்பும் காரணம். கலிஃபோர்னியாவில் அரசுப் பள்ளி விளையாட்டுக்குக் கட்டணம் வாங்கக்கூடாது என்று மாநில உச்ச நீதிமன்றம் 1984லேயே தீர்ப்பளித்துவிட்டது. மற்றப் பல மாநிலங்களில் பள்ளிகளே பங்கேற்புக் கட்டணம் வசூலிக்கின்றன. வசதியில்லாதவர்களுக்கு விலக்கு உண்டா என்று அலுவலகத்தில் கேட்டால் பெரும்பாலும் வழி சொல்வார்கள், கேட்காதவர்களுக்கு யாரும் தேடி வந்து சொல்வதில்லை. பலவீனம், கோச்சைத் தேர்ந்தெடுக்க முடியாது. வரலாறு ஆசிரியரே வாலிபால் கோச்சாக இருக்கலாம்.

கிளப்பில் பயிற்சி தரம் உயர்ந்தது, ஆடும் எதிரிகளும் பலமானவர்கள். ஆனால் கிளப் ஒரு வியாபாரம் என்பதை மறக்கக் கூடாது. ஏ டீம், பி டீம், சி டீம் என்று நீளும். சி டீமின் கட்டணத்தில்தான் ஏ டீமுக்கு நல்ல கோச் வருவார். உங்கள் பிள்ளை சி டீமில் இரண்டு வருடமாக இருந்தால், அதே பணத்துக்கு நிறைய ஆட்ட நேரம் தரும் சின்ன உள்ளூர் கிளப் மேல். சேரும் முன் கேட்க வேண்டியது: உதவித்தொகை உண்டா, கடந்த வருடம் எந்த எந்தக் கல்லூரிக்குப் பிள்ளைகள் போனார்கள், அதில் எத்தனை பேர் உங்கள் பிள்ளை இருக்கும் அணியிலிருந்து போனார்கள். கடைசிக் கேள்விக்குப் பதில் சுற்றி வளைத்து வந்தால் புரிந்துகொள்ளலாம்.

அகாடமி பற்றி அதிகம் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. அங்கே போகும் நிலையில் இருக்கும் குடும்பத்துக்குப் பணம் பிரச்சினையாக இருக்காது. இருந்தால் போகக் கூடாது. வீட்டை அடமானம் வைத்து அனுப்பும் யோசனை வந்தால், மேலே சொன்ன 2 சதவீதத்தை இன்னொரு முறை படியுங்கள்.

கல்லூரியில் எங்கிருந்து பணம் வரும்

டிவிஷன் 3 என்றால் மட்டம் என்ற எண்ணம் நம்மிடையே இருக்கிறது. எம்ஐடி, சிகாகோ பல்கலைக்கழகம், எமரி, வில்லியம்ஸ், ஆம்ஹர்ஸ்ட் எல்லாம் டிவிஷன் 3தான். அங்கே விளையாட்டு ஸ்காலர்ஷிப் கிடையாது. டிவிஷன் 1இல் ஆடும் எட்டு ஐவி லீக் பல்கலைக்கழகங்களிலும் கிடையாது. ஆனால் குடும்ப வருமானத்தைப் பார்த்துத் தரும் உதவி பெரியது. ஹார்வர்டில் 2025-26 முதல், வருமானம் ஒரு லட்சம் டாலர் வரை உள்ள குடும்பங்களுக்குச் சாப்பாடு, தங்குமிடம் உட்பட இலவசம். இரண்டு லட்சம் வரை டியூஷன் இலவசம். பிள்ளை முழங்கால் தசைநார் கிழிந்து அணியை விட்டு விலகினாலும் இந்தப் பணம் நிற்காது. விளையாட்டு ஸ்காலர்ஷிப்பில் அந்த நிம்மதி எல்லா இடத்திலும் இல்லை. பல கல்லூரிகளில் வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும்.

விளையாட்டு அங்கே பணத்தைத் தருவதில்லை, அட்மிஷனை எளிதாக்குகிறது. கோச் ஆதரித்தால் விண்ணப்பத்தின் கதையே வேறு. இதன் மதிப்பு தெரிந்துதான் 2019இல் வெளிவந்த வார்சிட்டி ப்ளூஸ் என்ற கல்லூரிச் சேர்க்கை மோசடியில், அந்த விளையாட்டையே ஆடாத பிள்ளைகளை வீரர்கள் என்று காட்டக் கோச்சுகளுக்கு லஞ்சம் கொடுத்தார்கள். சட்டப்படி நடப்பதிலும் சாய்வு இருக்கிறது. ராஜ் செட்டி, டேவிட் டெமிங், ஜான் ஃப்ரீட்மன் 2023இல் வெளியிட்ட ஆய்வில், ஐவி போன்ற உயர்தரக் கல்லூரிகளில் பெரும் பணக்காரக் குடும்பப் பிள்ளைகள் அதிகமாக இருப்பதற்கான காரணங்களில் ஒன்றாக விளையாட்டு வழிச் சேர்க்கையும் வந்தது. ஸ்குவாஷ், பாய்மரப் படகு, வாள்சண்டை அணிகளுக்கு யார் வீட்டுப் பிள்ளைகள் போகிறார்கள் என்று யோசித்தால் ஆச்சரியமில்லை.

இரண்டு பேரும் ஐடியில் சம்பாதிக்கும் வீடுகளுக்கு ஒரு வார்த்தை: வருமான அடிப்படையிலான உதவி உங்களுக்கு அதிகம் கிடைக்காது. உங்களுக்கு விளையாட்டின் பலன் அட்மிஷன் மட்டும்தான், பணத்துக்கு 529 கணக்கை நம்புங்கள்.

கம்யூனிட்டி காலேஜை நம்மவர்கள் பெயர் சொல்லவே கூச்சப்படுவார்கள். புகழ்பெற்ற அமெரிக்க ஃபுட்பால் வீரர் ஆரன் ரோட்ஜர்ஸைப் பள்ளி முடித்தபோது எந்த டிவிஷன் 1 கல்லூரியும் ஸ்காலர்ஷிப் கொடுத்து எடுக்கவில்லை. பக்கத்திலிருந்த ப்யூட் கம்யூனிட்டி காலேஜில் ஒரு வருடம் ஆடினார். இன்னொரு வீரரைப் பார்க்க வந்த கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் (பெர்க்லி) கோச் இவரைப் பார்த்துக் கூட்டிக்கொண்டு போனார். கலிஃபோர்னியாவின் கம்யூனிட்டி காலேஜ்களில் விளையாட்டு ஸ்காலர்ஷிப் கிடையாது, ஆனால் கட்டணம் குறைவு. கான்சஸ், டெக்சஸ் போன்ற இடங்களில் என்ஜேசிஏஏ என்ற ஈராண்டுக் கல்லூரிகளின் அமைப்பில் உள்ள அணிகளில் சில முழு ஸ்காலர்ஷிப்பே தரும். வசதியான வீட்டுப் பிள்ளைக்கு அகாடமி வாங்கித் தரும் அந்த இன்னொரு சீசனை, வசதி குறைந்த பிள்ளைக்கு இங்கே குறைந்த செலவில் வாங்கலாம்.

இனி விசா விஷயம். பிள்ளை எச்-4இல் (எச்-1பி விசாக்காரரின் குடும்பத்துக்குத் தரும் விசா) இருந்தால், ஃபாஃப்சா என்ற விண்ணப்பம் வழியாக வரும் ஃபெடரல் உதவி கிடையாது. குடியுரிமையோ கிரீன் கார்டோ வேண்டும். 21 வயதில் எச்-4 முடிந்து எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாற வேண்டும். வருமான உதவி வழி இப்படிக் குறுகும்போது, குடியுரிமை பார்க்காத விளையாட்டு ஸ்காலர்ஷிப்பின் மதிப்பு கூடுகிறது. அதனால் இந்தக் குடும்பங்கள் கிளப்பில் கொஞ்சம் அதிகம் போடுவதைத் தப்பென்று சொல்ல மாட்டேன். ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி, ஆம்ஹர்ஸ்ட் மாதிரிச் சில கல்லூரிகள் வெளிநாட்டு மாணவர்களையும் வசதி பார்க்காமல் தேர்ந்தெடுத்து முழுத் தேவையையும் ஈடுகட்டுகின்றன, பட்டியல் சின்னது. 2021 ஜூலை முதல் வீரர்கள் பெயரையும் முகத்தையும் வைத்து விளம்பரத்தில் சம்பாதிக்க அனுமதி இருக்கிறது, ஆனால் வேலை அனுமதி இல்லாத விசாவில் அந்தப் பணம் ஆபத்து. குடியேற்ற வக்கீலிடம் கேட்காமல் ஒரு டீ-ஷர்ட் ஒப்பந்தத்தில்கூடக் கையெழுத்துப் போடாதீர்கள்.

எந்த வழியானாலும் இரண்டு வேலைகளுக்குப் பணம் செலவில்லை. ஒன்பதாம் வகுப்பிலிருந்தே என்சிஏஏ கேட்கும் 16 முக்கியப் பாடங்கள் அட்டவணையில் இருக்கின்றனவா என்று பள்ளி கவுன்சிலரிடம் சரிபார்ப்பது ஒன்று. ஒவ்வொரு கல்லூரி வலைத்தளத்திலும் இருக்கும் நிகரச் செலவுக் கணிப்பானில் உங்கள் வருமானத்தைப் போட்டுப் பார்ப்பது இன்னொன்று. பத்தாம் வகுப்பு முடிந்த ஜூன் 15 முதல் பெரும்பாலான விளையாட்டுகளில் டிவிஷன் 1 கோச்சுகள் பிள்ளைக்குப் பதில் எழுதலாம். அதற்கு முன்பே இந்த எண்கள் கையில் இருந்தால், எந்தக் கோச்சுக்கு முதலில் மெயில் அனுப்புவது என்று பிள்ளையோடு உட்கார்ந்து தீர்மானிக்கலாம். பல ஐவி, டிவிஷன் 3 கோச்சுகள், கேட்டால், உதவித்தொகை எவ்வளவு வரும் என்று நிதி அலுவலகத்தில் முன்கூட்டியே பார்த்துச் சொல்ல ஏற்பாடு செய்வார்கள். கேட்கக் கூச்சப்பட வேண்டாம். அவர்களுக்கு அது தினசரி வேலை.